வழக்கும் வழக்காடுதலும்

தமிழில் 'வழக்கு' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மக்கள் நாவில் வழங்கிவருவதும் வழக்கு. இருவர் மாறுபட்டு நின்று வாதிடுவதும் வழக்கு. முதல் வழக்கைத் தீர விசாரியாமையால்தான் இரண்டாவது வழக்குப் பெரும்பாலும் எழுகின்றது என்பது என் அனுபவம். நிலத்துக்காகவும் நீருக்காகவும் மனிதர் சண்டையிடுவதில் வியப்பில்லை. அவற்றால் வயிறு நிறையும். ஆனால், ஒரு வினைச்சொல் இறந்தகாலத்தில் நிற்கவேண்டுமா, நிகழ்காலத்தில் நிற்கவேண்டுமா என்பதற்காக நண்பர் இருவர் முகம் சிவந்து, மறுநாள் ஒருவரோடொருவர் பேசாமல் போனதை நான் கண்டிருக்கிறேன். அவ்விருவருள் ஒருவனாக நானே இருந்ததும் உண்டு.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஆங்கில வினைச்சொல்லின் காலங்களைப் பற்றி எழுந்த சில வழக்குகள். அவை ஆங்கிலேயரிடையேயும் அமெரிக்கரிடையேயும் நடந்தவை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருபவை. அவற்றுள் மூன்றை உங்களுக்குச் சொல்லுகிறேன். பிறகு, எங்கள் வீட்டில் நடந்த நான்காவது வழக்கு ஒன்றையும் சொல்லுகிறேன். அந்த வழக்கில் வென்றவன் நான். அந்த வெற்றியின் விலை என்ன என்பதை உங்களைப் போன்ற இளைஞர்களுக்குச் சொல்லவேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்துவருகிறது.

முதல் வழக்குக்கு ஒரு கதை முன்னுரையாக அமையும். ஆங்கிலேயர் பல தலைமுறைகளாகச் சொல்லிச் சிரிக்கும் கதை அது. ஆங்கிலத்தை அரைகுறையாகக் கற்ற அயலான் ஒருவன் ஆற்றில் விழுந்துவிட்டான். நீந்தத் தெரியாது. "ஐ வில் டிரவுன், நோபடி ஷல் சேவ் மீ" என்று கூவினான். கரையில் நின்றவர்கள் இலக்கணம் நன்கு கற்றவர்கள். "நான் மூழ்கியே தீருவேன், ஒருவரும் என்னைக் காப்பாற்றக் கூடாது" என்று அவன் ஆணையிடுவதாக அவர்கள் பொருள் கொண்டார்கள். பிறர் விருப்பத்தில் தலையிடுவது நாகரிகம் அன்று என்று எண்ணிப் பேசாமல் போய்விட்டார்களாம். அவன் "ஐ ஷல் டிரவுன், நோபடி வில் சேவ் மீ" என்று சொல்லியிருந்தால் உயிர் பிழைத்திருப்பான் என்பது கதையின் நீதி!

இந்த 'ஷல், வில்' வேறுபாட்டைத் தெளிவான விதியாக வகுத்தவர் ஜான் வாலிஸ் என்பவர். அவர் ஆக்ஸ்போர்டில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். முடிவிலியைக் குறிக்க நாம் இன்று எழுதுகிறோமே, படுக்கவைத்த எட்டுப் போன்ற குறி, அதை வழக்கிற்குக் கொண்டுவந்த மேதை. அவர் 1653-இல் ஆங்கில மொழிக்கு ஓர் இலக்கணம் எழுதினார். அதை எழுதிய மொழி இலத்தீன். வெளிநாட்டார் ஆங்கிலம் கற்பதற்கு உதவ வேண்டும் என்பது அவர் நோக்கம். தன்மை இடத்தில் 'ஷல்' என்றால் வெறும் எதிர்காலம், 'வில்' என்றால் உறுதிமொழி அல்லது அச்சுறுத்தல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாக மாறும் என்பது அவர் விதி. கணித அறிஞர் அல்லவா? விதியும் ஒரு சமன்பாடு போலவே அழகாக அமைந்துவிட்டது.

அயலாருக்கு வழிகாட்டியாக எழுந்த இந்த விதி, நாளடைவில் பள்ளி நூல்களில் ஏறியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களையே அளக்கும் கோலாகவும் மாறியது. 1906-இல் ஹென்றி பௌலர், பிரான்சிஸ் பௌலர் என்னும் சகோதரர் இருவர் ஆங்கில நடை பற்றிய புகழ்பெற்ற நூல் ஒன்றை வெளியிட்டனர். அதில் 'ஷல், வில்' பற்றிப் பல பக்கங்கள் விரிவாக எழுதியதோடு, இது தென் இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கு இயல்பாக வருவது என்றும், அல்லாதார் கற்றுக்கொள்வது மிகக் கடினம் என்றும் ஒப்புக்கொண்டனர். இதன் பொருள் என்ன? ஸ்காட்லாந்துக்காரர், ஐரிஷ்காரர், அமெரிக்கர் ஆகிய எல்லாரும் தம் சொந்த மொழியிலேயே குற்றவாளிகள் ஆகிவிட்டார்கள். விதியைப் பற்றிய வாதம், பிறந்த இடத்தைப் பற்றிய பெருமையாக முடிந்தது.

1925-இல் சார்லஸ் ஃபிரீஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் ஓர் எளிய காரியம் செய்தார். வாதத்தை நிறுத்தி, எண்ணத் தொடங்கினார். பேச்சு மொழிக்கு ஓரளவு நெருக்கமாக இருப்பவை நாடகங்கள் அல்லவா? பல நூற்றாண்டு நாடகங்களை எடுத்து, அவற்றில் 'ஷல்' எங்கே வருகிறது, 'வில்' எங்கே வருகிறது என்று கணக்கெடுத்தார். தன்மை இடத்திலும் 'வில்' என்பதே மிகுதியாக வழங்கியதைக் கண்டார். வாலிஸ் வகுத்த சமன்பாட்டுக்கு மக்களின் நாக்கு முழுவதும் கட்டுப்பட்டு நடந்ததாகத் தெரியவில்லை. மேலும் ஒன்று கவனியுங்கள். விரைந்து பேசும்போது ஆங்கிலேயர் 'ஐல்' என்று சுருக்கிவிடுகிறார்கள். அதில் மறைந்திருப்பது ஷல்லா, வில்லா என்று யார் சொல்ல முடியும்? நூற்றாண்டுக்கணக்கான வழக்கை நாக்கு ஒரு நொடியில் விழுங்கிவிடுகிறது!

ஆயினும், விதி முற்றிலும் பொய் என்று எண்ணிவிட வேண்டா. படர்க்கையில் 'ஷல்' கட்டளைப் பொருள் தரும் என்று வாலிஸ் சொன்னது சட்ட நூல்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் நாட்டு அரசியலமைப்பின் ஆங்கில மூலத்தைப் புரட்டிப் பார்த்தால் பக்கந்தோறும் அந்தச் சொல்லைக் காணலாம். ஆகவே, ஒரு விதியைக் கேட்டவுடன் 'இது சரியா, தவறா?' என்று மட்டும் கேட்பது போதாது. 'இது யாருடைய பேச்சில், எந்த இடத்தில் உண்மை?' என்றும் கேட்க வேண்டும். முதல் வழக்கிலிருந்து நான் கற்றுக்கொண்டது இது.

இரண்டாவது வழக்கு இன்னும் சுவையானது. ஆங்கில வினைக்குக் காலங்கள் எத்தனை? உங்களைக் கேட்டால் பன்னிரண்டு என்பீர்கள். இறப்பு, நிகழ்வு, எதிர்வு ஆகிய மூன்றையும் நந்நான்காகப் பிரித்துப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால், 1795-இல் வெளிவந்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெருவழக்காகப் பரவிய லிண்ட்லி மரேயின் இலக்கணத்தைத் திறந்தால் ஆறு காலங்களே இருக்கும். மரே அமெரிக்காவில் பிறந்து, வழக்கறிஞராகத் தொழில் செய்து, பின்பு இங்கிலாந்தில் யார்க் நகருக்கு அருகில் குடியேறியவர். அங்கிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்காக அவர் எழுதிய நூல் அது. ஆறு என்ற எண் எப்படி வந்தது? இலத்தீன் மொழியில் காலங்கள் ஆறு. தாயின் சட்டையை மகளுக்குப் போட்டு அழகு பார்ப்பதுபோல, இலத்தீனின் அளவை ஆங்கிலத்துக்கும் கொள்ளும் பழக்கம் அந்நாளில் இருந்தது. இத்தனைக்கும், ஆங்கிலம் இலத்தீனின் மகளும் அன்று!

மரேக்கு 34 ஆண்டுகள் முன்பே ஒருவர் இதை மறுத்திருந்தார். அவர் ஜோசப் பிரீஸ்ட்லி. பெயரைக் கேட்டவுடன் அறிவியல் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். 1774-இல் பிராணவாயுவைத் தனியே பிரித்துக் காட்டிய அதே பிரீஸ்ட்லிதான். 1761-இல் அவர் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். ஆங்கிலத்தில் எதிர்காலம் என்னும் வினைவடிவமே இல்லை என்பது அவர் முடிவு. 'வாக்' என்ற வினை 'வாக்டு' என்று உருமாறி இறந்தகாலத்தைக் காட்டுகிறது; எதிர்காலத்தைக் காட்ட அது தானாக எவ்வித மாற்றமும் அடைவதில்லை; 'வில்' என்ற வேறொரு சொல்லைத் துணைக்கு அழைக்கிறது. வினை உருமாறாத இடத்தில் இலத்தீனைப் பார்த்து ஒரு காலத்தைக் கற்பிப்பானேன் என்று அவர் கேட்டார். வாயுவைச் சோதித்த கண்ணாலேயே சொல்லையும் சோதித்தார் எனலாம்.

அவர் குரல் அன்று எடுபடவில்லை. ஆனால், 2002-இல் ரோட்னி ஹடில்ஸ்டன், ஜெஃப்ரி புல்லம் ஆகிய இருவரும் பிற அறிஞர்களின் துணையோடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியிட்ட, 1,800 பக்கங்களுக்கு மேற்பட்ட பேரிலக்கணமும் ஆங்கிலத்தில் எதிர்கால வினைவடிவம் இல்லை என்றே சொல்லுகிறது. 241 ஆண்டுகள் கழித்து வழக்கு மீண்டும் அதே இடத்துக்கு வந்திருக்கிறது. இன்றும் இதை ஏற்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு.

"எதிர்காலம் இல்லாமல் ஒரு மொழி எப்படி நடக்கும்? ஆங்கிலேயர் நாளையைப் பற்றிப் பேசுவதே இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் பூசலின் வேர் இருக்கிறது. உலகத்தில் ஓடும் காலம் வேறு. வினைச்சொல்லின் வடிவம் வேறு. 'தி டிரெயின் லீவ்ஸ் டுமாரோ' என்ற வாக்கியத்தில் வடிவம் நிகழ்காலம். செய்தியோ நாளைக்கு உரியது. கதவைத் தட்டும் ஒலி கேட்டதும் ஆங்கிலேயர் 'தட் வில் பி தி போஸ்ட்மன்' என்கிறார்கள். தபால்காரர் நாளைக்கு வரப்போவதாக அதற்குப் பொருள் இல்லை. இப்போது வாசலில் நிற்பவர் அவராக இருக்கக்கூடும் என்ற ஊகம்தான் பொருள்.

தமிழ் மாணவர்களுக்கு இது விளங்காத செய்தி அன்று. 'தபால்காரராக இருக்கும்' என்று நாமும் எதிர்கால வடிவத்தில்தானே நிகழ்காலத்தை ஊகிக்கிறோம்? 'நாளைக்கு ஊருக்குப் போகிறேன்' என்று நிகழ்காலத்தால் எதிர்காலத்தைச் சொல்லுகிறோம். வாசலில் நண்பன் அழைக்கும்போது, உள்ளே இன்னும் சட்டையைத் தேடிக்கொண்டிருப்பவன் 'இதோ வந்துவிட்டேன்' என்று இறந்தகாலத்தால் விடை சொல்லுகிறான். அவனைப் பொய்யன் என்று யாரும் சொல்வதில்லை. விரைவு பற்றி எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்லுதல் உண்டு என்று தொல்காப்பியர் வகுத்துவைத்தார். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் முக்காலமும் ஒன்று மற்றொன்றாக மயங்கி வரலாம் என்று நன்னூலாரும் இடங்கொடுத்தார். காலம் மயங்குவதைக் கண்டு அவர்கள் மருளவில்லை. மயங்குவதற்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்தார்கள். நன்னூலைக் கற்ற மாணவன் ஒருவன் பிரீஸ்ட்லிக்கும் மரேக்கும் நடுவராக உட்காரலாம். 'ஐயா, நீர் வடிவத்தை எண்ணுகிறீர். அவர் பொருளை எண்ணுகிறார். இருவரும் வேறு வேறு பொருளை எண்ணிவிட்டு விடை ஒன்றாக இல்லையே என்று சண்டையிடுகிறீர்கள்' என்று அவன் சொல்லியிருப்பான்.

மூன்றாவது வழக்குக்கு வருகிறேன். 'வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது' என்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றால், 'தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' என்பீர்கள். தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால், 250 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இப்படி எழுதுவது வழக்கம் அன்று. அந்நாளில் 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினார்கள். வீடே எதையோ கட்டிக்கொண்டிருப்பதுபோல் தோன்றுகிறதா? 'வீடு கட்டி முடிந்தது' என்று நாம் சொல்லும்போது மட்டும் வீடா கட்டியது? செயப்படுபொருளைச் செய்ததுபோலச் சொல்லுவதும் மக்கள் வழக்கில் உண்டு என்று தொல்காப்பியரே உடன்பட்டிருக்கிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் 'இஸ் பீயிங்' என்ற புதிய வடிவம் மெல்லத் தலைகாட்டியது. ராபர்ட் சௌத்தி என்னும் கவிஞர் 1795-இல் எழுதிய கடிதம் ஒன்றில், முரட்டு நாவிதனிடம் பல் பிடுங்கப்படுவோன் படும் பாட்டை வருணிக்கும் இடத்தில் இதைக் காண்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது பரவப் பரவ, எதிர்ப்பும் வளர்ந்தது. எதிர்த்தவர்களுள் புகழ்பெற்றவர் ரிச்சர்டு கிராண்ட் ஒயிட் என்னும் அமெரிக்கர். ஷேக்ஸ்பியர் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். 1870-இல் வெளியிட்ட நூலில் இந்த வடிவத்தைக் கடுமையாகத் தாக்கினார். 'இஸ்' என்பதும் 'பீயிங்' என்பதும் ஒரே வினையின் இரு வடிவங்கள். ஆகவே 'இருக்கின்றதாய் இருக்கிறது' என்ற பொருளற்ற அடுக்கே இது என்பது அவர் வாதம். தர்க்கத்தின்படி பார்த்தால் மறுப்பது கடினம்.

அவரை மறுத்தவரும் ஓர் அமெரிக்கரே. பிட்ஸெட்வர்டு ஹால் என்பது அவர் பெயர். அவர் வரலாறு ஒரு நாவலைப் போன்றது. வீட்டைவிட்டு ஓடிப்போன உடன்பிறந்தானைத் தேடி 1846-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறினார். கப்பல் கங்கையின் முகத்துவாரத்தில் உடைந்துபோயிற்று. இந்தியாவில் கரையேறியவர், இந்நாட்டு மொழிகளைக் கற்றார். காசியிலிருந்த அரசினர் சம்ஸ்கிருதக் கல்லூரியில் ஆசிரியரானார். சம்ஸ்கிருத நூல்களைப் பதிப்பித்தார். 1862-இல் இலண்டன் சென்று அங்கே சம்ஸ்கிருதப் பேராசிரியராக விளங்கினார். பின்பு, அறிஞர்களிடையே எழுந்த கசப்பான பூசல்களுக்கு நடுவே 1869-இல் பதவியை இழந்து, சிற்றூர் ஒன்றில் ஒதுங்கி வாழ்ந்தார்.

ஒயிட்டின் தர்க்கத்தை ஹால் எவ்வாறு எதிர்த்தார்? தர்க்கத்துக்கு எதிராகத் தர்க்கம் பேசுவதோடு அவர் நிற்கவில்லை. 1873-இல் வெளியிட்ட நூலில், இந்த வடிவத்தை யார் யார், எந்தெந்த ஆண்டில், எங்கெங்கே எழுதியிருக்கிறார்கள் என்று சான்றுகளை அடுக்கினார். சௌத்தியும் கோல்ரிட்ஜும் அந்த வரிசையில் நின்றார்கள். நல்லாசிரியர் பலர் எழுதிவிட்டார்கள், மக்களும் பேசுகிறார்கள், இதற்கு மேல் தர்க்கம் தடைசொல்லி என்ன பயன்? இன்று 'இஸ் பீயிங் பில்ட்' என்பதே விதி. ஒயிட் போற்றிய 'இஸ் பில்டிங்' என்ற வடிவத்தை நீங்கள் தேர்வில் எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். பழைய வழக்குகள் மறைவதும் புதியவை தோன்றுவதும் காலத்தின் இயல்பு, அவை குற்றம் ஆகா என்று நன்னூலார் அமைதி கூறியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஹாலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறரோடு பூசலிட்டுத் தனித்துப்போன அவர், தம் கடைசி இருபது ஆண்டுகளில் ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதிக்கு நாள்தோறும் பல மணிநேரம் ஊதியமின்றி உழைத்தார். தாம் படித்த நூல்களிலிருந்து எடுத்த எண்ணற்ற மேற்கோள்களை வழங்கினார், அச்சுப்படிகளைத் திருத்தினார். 1901-இல் மறையும்வரை அத்தொண்டு நீடித்தது. வாதத்தில் சூடாகப் பேசியவை மறந்துபோயின. பொறுமையோடு திரட்டிய சான்றுகள் அகராதியில் நிற்கின்றன.

இனி, என் வீட்டு வழக்கைச் சொல்லுகிறேன்.

என் தந்தையார் தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டவர். ஆங்கிலத்தைக் கோப்புகளிலிருந்தும், நாளிதழிலிருந்தும், தாமே வாங்கிய பழைய இலக்கணப் புத்தகத்திலிருந்தும் கற்றுக்கொண்டார். நான் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் புறப்பட்ட அன்று, "தம்பி, இனிமேல் நாம் இங்கிலீஷிலேயே கடிதம் எழுதிக்கொள்வோம். உனக்கும் பழக்கம் வரும், எனக்கும் சந்தோஷம்" என்றார். அவ்வாறே வாரந்தோறும் எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஊரில் மழை பெய்தது, பசு கன்று போட்டது, அடுத்த வீட்டில் திருமணம் என்று எல்லாச் செய்தியும் ஆங்கிலத்தில் வரும்.

அந்த ஆண்டு எங்களுக்கு ஆங்கில இலக்கணம் கற்பித்த ஆசிரியர் வினையின் காலங்களைப் பிழையறக் கற்பித்தார். புதிதாகக் கத்தி வாங்கிய சிறுவன் கண்ட மரத்தையெல்லாம் கீறிப் பார்ப்பதுபோல, நான் கேட்ட வாக்கியத்தையெல்லாம் திருத்தத் தொடங்கினேன். விடுதியில் என்னோடு பேசவே நண்பர்கள் அஞ்சினார்கள். அப்போது தந்தையாரின் கடிதம் ஒன்று வந்தது. அதில் ஒரு வாக்கியம்: 'ஐ ஆம் ஹேவிங் பெயின் இன் தி செஸ்ட் சின்ஸ் டூ வீக்ஸ்.'

இரண்டு வாரமாக மார்பு வலிக்கிறது என்று ஒரு தகப்பன் மகனுக்கு எழுதுகிறான். மகன் என்ன செய்தான்? அந்த வாக்கியத்தில் இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்தான். 'ஐ ஆம் ஹேவிங்' என்பது தவறு. 'சின்ஸ் டூ வீக்ஸ்' என்பதும் தவறு. 'ஐ ஹேவ் ஹேட் எ பெயின் இன் தி செஸ்ட் ஃபார் டூ வீக்ஸ்' என்று எழுதவேண்டும் என்று விளக்கி, விதியையும் எடுத்துக்காட்டி, ஒரு பக்கத்துக்கு விடை எழுதினேன். வலி எப்படி இருக்கிறது, மருத்துவரைப் பார்த்தீர்களா என்று ஒரு வரிகூட அதில் இல்லை. மறைத்து எழுதவேண்டும் என்று எழுதவில்லை. உண்மையாகவே அந்தச் செய்தி என் கண்ணில் படவில்லை. எனக்குப் பிழை மட்டுமே தெரிந்தது.

அடுத்த வாரம் கடிதம் வரவில்லை. அதற்கடுத்த வாரம், அம்மா சொல்ல அண்டை வீட்டுப் பெண் எழுதிய தமிழ்க் கடிதம் வந்தது. அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னதாகவும், நான் படிப்பை விட்டுவிட்டு வரவேண்டா என்றும் இருந்தது. அன்றிரவே புறப்பட்டுப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. சிறிது நேரம் பேசிவிட்டு, "நீ எழுதினது சரிதானப்பா. ஆபீசில் ஹெட்கிளார்க்கிடம் காட்டினேன். அவரும் நீ சொன்னதுதான் சரி என்றார்" என்று சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. மகன் இலக்கணத்தில் தேறிவிட்டான் என்ற மகிழ்ச்சிகூட இருந்தது. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

அவர் குணமடைந்தார், அதற்குப் பிறகு பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால், ஆங்கிலத்தில் எனக்கு ஒரு கடிதமும் அவர் எழுதவில்லை. தமிழில் எழுதினார், நான்கே வரி எழுதினார். நான் மன்றாடிக் கேட்டபோதும், "உன் அளவுக்கு எனக்கு வராதப்பா" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். மனிதர் ஒருவர் முப்பது ஆண்டு முயன்று ஈட்டிய இன்பத்தை நான் ஒரே பக்கத்தில் பறித்துவிட்டேன்.

வழக்கின் மற்றொரு பாதியை நான் அறிந்தது பிற்காலத்தில்தான். 'இரண்டு வாரமாக வலிக்கிறது' என்று தமிழில் சொல்லும்போது வினை நிகழ்காலத்தில் இருக்கிறது. முன்பே தொடங்கி இன்னும் தொடரும் செயலுக்குத் தமிழ் நிகழ்காலத்தை வழங்குகிறது. பிரெஞ்சு மொழியும் அப்படியே வழங்குகிறது; ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான ஜெர்மன் மொழியும் அப்படியே. இந்த இடத்தில் தனிவழி செல்வது ஆங்கிலம்தான். என் தந்தையாரின் வாக்கியம் அறியாமையில் பிறந்தது அன்று. தமிழ் வழக்கின் நேரிய தருக்கத்தை ஆங்கிலச் சொற்களில் அவர் வைத்தார். இதை அவரிடம் சொல்ல நான் விரும்பினேன். எனக்கு இது தெரியவந்தபோது அவர் இல்லை.

'ஷல், வில்' கணக்கெடுத்த ஃபிரீஸைப் பற்றி முன்பு சொன்னேன் அல்லவா? அவரே 1940-இல் அமெரிக்க ஆங்கிலத்துக்கு ஓர் இலக்கணம் வெளியிட்டார். புலவர்களின் நூல்களை அவர் அடிப்படையாகக் கொள்ளவில்லை. சாதாரணக் குடிமக்கள் தம் குறைகளைச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதிய ஏறத்தாழ 3,000 கடிதங்களைப் படித்து, மக்கள் உண்மையில் எப்படி எழுதுகிறார்கள் என்று ஆராய்ந்தார். அக்கடிதங்களில் இலக்கணத்தைத் தேடியது அவர் தொழில். அதற்கென்றே அவர் அவற்றை எடுத்துக்கொண்டார். தகப்பனுடைய கடிதத்தை நான் அப்படிப் படித்திருக்க வேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே, விதிகளைக் கற்கவேண்டா என்று நான் சொல்லுவதாக நினைத்துவிடாதீர்கள். நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். தேர்விலும், வேலைக்கு எழுதும் விண்ணப்பத்திலும், உலகத்தாரோடு நடத்தும் கடிதப் போக்குவரத்திலும் இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட வடிவத்தையே எழுதுங்கள். 'ஐ ஆம் ஹேவிங் பெயின்' என்று எழுதினால் பிறர் குறைவாக மதிப்பிடும் இடங்கள் உலகில் உண்டு. அந்த இழப்பு உங்களுக்கு நேரக் கூடாது. உங்களிடம் ஒருவர் திருத்திக் கேட்டால் தயங்காமல் திருத்திக் கொடுங்கள். அதுவும் ஓர் உதவியே.

ஆனால், கேளாத இடத்தில் திருத்தப் புகுமுன், மூன்று கேள்விகளை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். இவர் சொல்லவந்த செய்தியை நான் கேட்டுக்கொண்டேனா என்பது முதற் கேள்வி. நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி எங்கிருந்து வந்தது, எக்காலத்து விதி, யாருக்காக வகுத்த விதி என்பது இரண்டாவது. வழக்கில் இதற்குச் சான்று என்ன என்பது மூன்றாவது. பின்னிரண்டு கேள்விகளுக்கு விடைதேடினால் நீங்கள் நல்ல இலக்கண மாணவர் ஆவீர்கள். வாலிஸும் பிரீஸ்ட்லியும் ஹாலும் உங்களோடு பேசத் தொடங்குவார்கள். முதற் கேள்விக்கு விடை சொல்ல இலக்கணம் தேவையில்லை.

உங்கள் வீட்டிலிருந்து இன்று ஏதேனும் செய்தி வந்திருந்தால், அதில் எழுத்துப்பிழை இருக்கலாம், காலம் மயங்கியிருக்கலாம், வாக்கியம் பாதியில் நின்றிருக்கலாம். அதை ஒருமுறை படியுங்கள். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று முதலில் கேட்டு எழுதுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.